கரும்புத் தோட்டமும் தங்கவயலும்
பாரதியார் பாட்டு ஒன்றின் யாப்பும் மெய்ப்பாடும்

ஒரு பாட்டின் கருத்தை உரைநடையில் எழுதிவிடலாம். எழுதி முடித்த பின்னரும் எது எஞ்சி நிற்கிறதோ அதுவே பாட்டு. அவ்வெச்சம் பெரும்பாலும் ஓசையில் இருக்கும். அடி எங்கே குறைகிறது, எங்கே நீள்கிறது, எச்சொல் திரும்ப வருகிறது என்பவற்றில் மறைந்திருக்கும். ஆகவே யாப்பை ஆராய்வது புலவர்க்கு மட்டும் உரிய தொழில் அன்று. பாட்டின் துயரம் எவ்விடத்தில் தங்கியிருக்கிறது என்று கண்டறிய விரும்பும் எவர்க்கும் அஃது உரியதே.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பாட்டு, மகாகவி பாரதியாரின் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்பது. பிஜித் தீவில் கரும்புத் தோட்டக் கூலிகளாக உழன்ற இந்தியப் பெண்களைப் பற்றியது. தொகுப்புகளில் தேசிய கீதங்களுள், பிற நாடுகள் என்னும் பகுதியில், பெல்ஜியத்தையும் ருஷ்யாவையும் பற்றிய பாடல்களோடு இது வைக்கப்பட்டிருக்கும். பகுப்பு வசதிக்காக அவ்வாறு செய்தனர். ஆயினும் பிற நாட்டைப் பற்றிய பாட்டாக இதனைப் படிக்கப் புலம்பெயர்ந்த குடும்பங்களால் இயலாது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் மூட்டை முடிச்சுகளோடு கோலார் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு இப்பாட்டு வீட்டுப் பாட்டே ஆகும்.

பாட்டின் பின்னணி

1879-ஆம் ஆண்டு ‘லியோனிடாஸ்’ என்னும் கப்பல் முதன்முதலாக இந்தியக் கூலிகளை ஏற்றிக்கொண்டு பிஜி சேர்ந்தது. 1916 வரை ஏறத்தாழ 60,000 பேர் அவ்வாறு சென்றனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. தமிழரும் தெலுங்கரும் பெருந்தொகையாகப் போயினர். ஐந்தாண்டு ஒப்பந்தம், ‘அக்ரிமென்ட்’ என்னும் சொல் அவர்கள் நாவில் ‘கிர்மிட்’ ஆயிற்று. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற விகிதத்தில் ஆள் சேர்த்தனர். இவ்விகிதமே பெண்களின் நிலையைப் பெரிதும் கெடுத்தது. மேற்பார்வையாளரின் கொடுமையும் தங்குமிடங்களின் சீர்கேடும் ஒருங்கே அவர்கள் தலையில் விழுந்தன. 1914-இல் தோதாராம் சனாத்யா தம் இருபத்தோராண்டுப் பிஜி வாழ்க்கையை இந்தியில் நூலாக வெளியிட்டார். 1915-இல் சி. எப். ஆண்ட்ரூஸ், பியர்சன் ஆகிய இருவரும் நேரிற் சென்று கண்டு, 1916-இல் அறிக்கை தந்தனர். நாடெங்கும் கொதிப்பு எழுந்தது.

பாரதியார் பிஜியைக் கண்டவரல்லர். 1908 முதல் 1918 வரை அவர் புதுவையில் இருந்தார். தாம் காணாத ஒரு துயரத்தைச் செய்தியாகக் கேட்டுப் பாடியவர் அவர். இவ்வுண்மையை மனத்திற் கொண்டால்தான் பாட்டின் அமைப்பு விளங்கும். இது கண்டவன் பாட்டன்று, கேட்டவன் பாட்டு.

யாப்பும் ஓசையும்

பாட்டு ஒரு பல்லவியும் நான்கு சரணங்களும் கொண்டது. ஸைந்தவி இராகம், திஸ்ர சாப்புத் தாளம் என்று பதிப்புகளில் குறிப்புக் காணப்படுகிறது. அமைப்பால் கீர்த்தனை போன்றது. நடையால் சிந்தின் இனத்தைச் சேர்ந்தது. எட்டயபுரத்திற்கு அண்மையிலுள்ள கழுகுமலையின் முருகன் மீது அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச் சிந்து அப்பகுதி மக்களின் நாவில் வாழ்ந்தது. அம்மண்ணில் பிறந்த பாரதியாரின் செவியில் சிந்தின் நடை இளமையிலேயே ஊறியிருந்தது என்பதில் வியப்பில்லை.

ஒவ்வொரு சரணத்திலும் குறுகிய அடி ஒன்றும் நெடிய அடி ஒன்றும் இணையாக வருகின்றன. அவ்வாறு நான்கு இணைகள். குறுகிய அடி இரு சீர்களில் நின்றுவிடும். அதன் இறுதியில் ஒரு தனிச்சொல் தொங்கும். அடுத்த நெடிய அடி பெரும்பாலும் நான்கு சீர்களாக ஓடும். வாய்விட்டுப் படிப்பவர் இதனை உடனே உணர்வர். குறுகிய அடியில் மூச்சு நிற்கிறது, தனிச்சொல்லில் தயங்குகிறது, நெடிய அடியில் ஒரே ஓட்டமாக ஓடி இளைக்கிறது, மறுபடியும் நிற்கிறது. வெட்டுக்கத்தியை ஓங்கி, வெட்டி, நிமிர்ந்து, மீண்டும் குனியும் உழைப்பின் மூச்சு இது. அழுகிறவர் பேசும்போது சொல் அறுந்து அறுந்து வரும் மூச்சும் இதுவே. உழைப்பின் மூச்சும் அழுகையின் மூச்சும் ஒரே ஓசையில் கலந்துவிட்டமையால், கைவேலை நிற்காமலே அழுகின்ற ஒருத்தியை நாம் கேட்கிறோம். ‘அவள் உழைத்துக்கொண்டே அழுதாள்’ என்று கவிஞர் எங்கும் கூறவில்லை. அதனை யாப்பு கூறுகிறது.

தொடை நயத்தையும் நோக்குதல் வேண்டும். குறுகிய அடிகள் நான்கும் எதுகையால் பிணைந்துள்ளன. முதற் சரணத்தில் ‘ரு’ என்னும் எழுத்து. இரண்டாவதில் ணகர ஒற்று. மூன்றாவதில் டகர ஒற்று. நான்காவதில் ஞகர ஒற்று. நெடிய அடிகளோ தத்தம் குறுகிய அடிகளோடு மோனையால் பிணைந்துள்ளன. ஓரெழுத்தே வாராத இடங்களில் வகரத்திற்கு மகரமும், சகரத்திற்குத் தகரமும் இனமோனையாக வந்து இடத்தை நிரப்புகின்றன. பதினாறு இணைகளில் ஒன்றுகூட இக்கட்டினின்றும் வழுவவில்லை. மேலிருந்து கீழாக எதுகை, இடமிருந்து வலமாக மோனை என்று நெய்யப்பட்ட வலை போன்றது இப்பாட்டு. தப்பிச் செல்ல வழியில்லாத வாழ்வைப் பாடும் பாட்டிற்கு, எழுத்து ஒன்றும் தப்பாத தொடை பொருந்துவதாயிற்று.

இவ்வமைப்பின் உயிர்நாடி பல்லவி. அது ‘தோட்டத்திலே’ என்னும் ஏழாம் வேற்றுமைச் சொல்லால் முடிகிறது. இலக்கணப்படி அஃது ஒரு முற்றுத் தொடரன்று. தோட்டத்திலே என்ன நிகழ்ந்தது? வினை இல்லை. இடம் மட்டும் கூறப்படுகிறது. ஓர் அவலக் குறிப்புச் சொல் இடையில் ஒலிக்கிறது. மீண்டும் அதே இடம். ஒவ்வொரு சரணமும் எங்கெங்கோ சென்றாலும் இறுதியில் பயனிலையற்ற இவ்விடத்திற்கே வந்து சேர்கிறது. அதிலும் முதல் இரண்டு சரணங்களின் இறுதியில் ஒரு சுட்டுச்சொல் நிற்கிறது. அது பல்லவியைக் கைப்பிடித்து இழுத்து வருகிறது. பாடுவோர் அவ்விடத்தில் நிறுத்த முயன்றாலும் நிறுத்த முடியாது. செக்கைச் சுற்றும் மாட்டின் உவமையைக் கவிஞர் முதற் சரணத்திலேயே வைத்துள்ளார். அவ்வுவமை ஓரடியோடு முடிந்துவிடவில்லை. பாட்டின் வடிவமே செக்காகச் சுழல்கிறது.

மெய்ப்பாடு

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாகப் பகுத்து, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன்களை நான்கு நான்காக வகுத்தார். அழுகைக்கு உரியவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இழிவுபடுத்தப்படுதல் இளிவு. உரியவற்றை இழத்தல் இழவு. முன்னைய நிலை கெட்டுத் தளர்தல் அசைவு. இன்மையால் வாடுதல் வறுமை. பாரதியார் இந்நூற்பாவை எதிரில் வைத்துக்கொண்டு பாடினார் என்று யாரும் கூறார். ஆயினும் நான்கு சரணங்களையும் இந்நான்கின் ஒளியில் நோக்கின் ஒரு வரிசை புலப்படுகிறது.

முதற் சரணம் அசைவு. கையும் காலும் ஓய்ந்து உடல் சுருங்கும் நிலை அங்குக் கூறப்படுகிறது. இரண்டாவது வறுமை. வறுமை என்னும் சொல் பொதுவாகப் பொருளின் இன்மையைக் குறிக்கும். ஈண்டு அது துணையின் இன்மையாக விரிகிறது. சுற்றிலும் கடல், நடுவில் தீவு, தீவினுள் தனிக்காடு. சிந்தும் கண்ணீரைக் காண ஒரு கண்ணும் இல்லை. மூன்றாவது இழவு. நாட்டையும் தாய்வீட்டையும் இனி என்று காண்பது என்ற ஏக்கம் அங்கு நிறைந்துள்ளது. நான்காவது இளிவு. பெண்மைக்கு இழைக்கப்படும் மானக்கேடு அங்கே வெளிப்படையாகக் கூறப்படுகிறது. உடலின் தளர்ச்சியில் தொடங்கிய துயரம், தனிமைக்கும் நினைவுக்கும் ஏறி, மானத்தில் சென்று முட்டுகிறது.

சொல்லடுக்குகளும் இவ்வேற்றத்திற்கு ஏற்ப அமைந்துள்ளன. முதற் சரணத்தில் உள்ளக் கொதிப்பைக் கூறும் சொல் இருமுறை அடுக்கி வருகிறது. மூன்றாம் சரணத்தில் விம்முதலைக் கூறும் சொல் நான்கு முறை அடுக்குகிறது. நான்காம் சரணத்தில் மடிதலைக் கூறும் சொல் மூன்று முறை. ஒரு சொல்லை இரண்டு, மூன்று, நான்கு வரை அடுக்கலாம் என்று நன்னூல் எல்லை கட்டுகிறது. மூன்றாம் சரணத்தின் விம்மல் அவ்வெல்லையைச் சென்று தொடுகிறது. அதற்கு மேல் அடுக்க மொழியில் இடமில்லை. அச்சரணம் முடியும் இடத்தில் விம்முவதற்கும் வலுவிழந்துவிட்ட பெண்களையே காண்கிறோம். மொழியின் எல்லையும் அழுகையின் எல்லையும் ஓரிடத்தில் கூடுகின்றன.

காற்றை வினவுதல்

இப்பாட்டில் விளிக்கப்படுவோர் மாறிக்கொண்டே செல்வதைப் பலர் கவனிப்பதில்லை. முதற் சரணத்தின் வினாக்கள் எவரையும் முன்னிலைப்படுத்தவில்லை. வழி இல்லையா, மருந்து இல்லையா என்று பொதுவில் எழுகின்றன. இரண்டாவதில் தெய்வம் விளிக்கப்படுகிறது. மூன்றாவதில் காற்று, நான்காவதில் காளி. மனிதர் எவரும் பெயரிட்டு அழைக்கப்படவில்லை.

இவற்றுள் காற்றை விளிக்கும் பகுதி தமிழ் மரபில் வைத்து எண்ணத்தக்கது. தூது விடுவதற்குரியவை எனப் பிற்கால இலக்கணம் கூறும் பத்தனுள் தென்றலும் ஒன்று. பிரிந்து வருந்துபவர் தம் நெஞ்சத்தைச் சொல்லியனுப்புவதே தூது. ஈண்டோ நிலைமை தலைகீழாகிறது. வருந்தும் பெண்கள் தூது விடவில்லை. அவர்களுக்கு அவ்வாற்றலும் இல்லை. இக்கரையில் இருக்கும் கவிஞர், நீ கேட்டிருப்பாயே, அதை எமக்கு மீண்டும் சொல்ல மாட்டாயா என்று காற்றைக் கெஞ்சுகிறார். தூது அனுப்பும் மரபு, தூதுக்காகக் காத்திருக்கும் நிலையாக மாறியது.

அகமரபில் இன்னொன்றும் மாறியது. பழம்பாடல்களில் பொருள்வயிற் பிரிபவன் தலைவன். வீட்டிலிருந்து வருந்துபவள் தலைவி. கடல்வழிச் செலவு மகளிரொடு இல்லை என்று பொருள் கொள்ளப்படும் நூற்பா ஒன்று தொல்காப்பிய அகத்திணையியலில் உண்டு. கிர்மிட் கப்பல்கள் அவ்வழக்கத்தை உடைத்தெறிந்தன. பிரிந்து சென்றவளும் அவளே, வருந்துபவளும் அவளே. அவளுக்காகக் காத்திருக்கும் இல்லமோ கடலுக்கு அப்பால். ஈராயிரம் ஆண்டுப் பிரிவுப் பாடல்களில் இடம் பெறாதவள் ஒருத்தி இருபதாம் நூற்றாண்டில் இப்பாட்டின் வழியாகத் தமிழ்க் கவிதைக்குள் நுழைகிறாள்.

தங்கவயல் குடும்பங்களுக்கு இப்பகுதி நெஞ்சைத் தொடுவதற்குத் தனிக் காரணம் உண்டு. 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே சுரங்கத் தொழிலை ஏற்றது முதல், 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது வரை, இவ்வூரின் வாழ்வு கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் நடந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. கீழே பாறை வெடித்தால் மேலே லைன் வீடுகளில் அதிர்வு தெரியும். எந்த ஷிப்டு, எந்த ஆழம், யார் என்பதெல்லாம் பின்னரே தெரியும். காண இயலாத இடத்தில் இருப்பவரின் துன்பத்தை ஓர் ஒலியாக மட்டும் முதலில் அறிவது எத்தகையது என்று இவ்வூர்ப் பெண்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. அவர்கள் பாறையைக் கேட்டார்கள். பாரதியார் காற்றைக் கேட்டார்.

ஆனால் ஒப்புமையை அளவிறந்து நீட்டுதல் கூடாது. தங்கவயலுக்கும் ஊருக்கும் இடையில் கடல் இல்லை. பங்காருப்பேட்டை வழியாக இரயில் இருந்தது. திருவிழாவிற்கும் திருமணத்திற்கும் போய்வர முடிந்தது. பிஜிப் பெண்ணுக்கு இருந்த தனிமை இங்கு இருந்ததில்லை. உடல்நலிவும் சிலிக்கோசிஸ் நோயும் மேலதிகாரியின் அதட்டலும் இங்கும் உண்டு. ஆயினும் துயரத்தைப் பகிர்ந்துகொள்ள அண்டைவீடு இருந்தது. இவ்வேறுபாட்டை உணர்ந்து படித்தால்தான் இரண்டாம் சரணத்தின் தனிமை எத்துணைக் கொடியது என்பது நமக்குப் புலனாகும்.

அழுகையிலிருந்து வெகுளிக்கு

இப்பாட்டை மேடைகளில் உருக்கமாகப் பாடி, கேட்போர் கண்களை நனைத்து முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கும்போதும் நான்கு சரணங்களும் ஒரே இரக்கக் குரலில் வருகின்றன. இது பாட்டின் பாதியை இழப்பதாகும்.

மூன்றாம் சரணத்தோடு அழுகைக்கு வலு தீர்ந்துவிட்டது என்று கண்டோம். அப்படியானால் நான்காம் சரணம் எங்கிருந்து எழுகிறது? அது வெகுளியிலிருந்து எழுகிறது. வெகுளிக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கு. குடிகோள் என்பது மனைவி, சுற்றம், குடிப்பிறப்பு ஆகியவற்றிற்குப் பிறர் கேடு சூழ்தல். நான்காம் சரணத்தின் செய்தி இதுவே. இளிவினால் அழுகையாகத் தொடங்கும் அச்சரணம், குடிகோளினால் வெகுளியாக முடிகிறது. அங்கே வினாவின் தன்மையும் வேறாகிறது. முன்னைய வினாக்கள் இரங்குமாறு கேட்டன. கேட்டவரையும் கேளாதவரையும் நோக்கிக் கைநீட்டின. இறுதி வினாவோ இக்கொடுமையை இந்தக் கணத்திற்கு மேல் விட்டுவைப்பது தகுமா என்று கேட்கிறது. அதற்கு ‘தகாது’ என்பதொன்றே விடை. உடனே காளியின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வருகின்றன. இரண்டாம் சரணத்தில் பெயரின்றி நின்ற தெய்வம் இங்கே பெயர் பெற்றுவிட்டது.

அதன் பின்னும் பல்லவி வருகிறது. காளியை அழைத்த பிறகும் பாட்டு அதே தோட்டத்தில்தான் முடிகிறது. விடுதலை பாட்டிற்குள் நிகழவில்லை. அதனை நிகழ்த்தும் பொறுப்பு கேட்போர் தலையில் வைக்கப்படுகிறது. பயனிலை இல்லாத பல்லவிக்குப் பயனிலை தேட வேண்டியவர் நாமே.

பாட்டில் ஒரு குறையும் சுட்டத்தக்கது. அப்பெண்கள் இதில் அழுகிறார்கள், மடிகிறார்கள், எதிர்த்து நிற்பதில்லை. வரலாறு அவ்வளவில் நிற்கவில்லை. 1920 சனவரி முதல் நாளில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் நீக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே சுவா நகரில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தில் இந்தியப் பெண்கள் முன்வரிசையில் நின்றனர். 1926-இல் பிஜித் தென்னிந்தியர் தமக்கென ஒரு சன்மார்க்கச் சங்கம் நிறுவிப் பள்ளிகளும் கண்டனர். தங்கவயலிலும் 1930-ஆம் ஆண்டு, கைரேகை பதியும் முறையை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆகவே கவிஞர் காளியிடம் வேண்டிய சினம் அம்மக்களிடமே இருந்தது. தொலைவிலிருந்து கேட்டவரின் செவிக்கு விம்மல் எட்டியது. எதிர்ப்புக் குரல் எட்டவில்லை. செய்தியாகக் கேட்டுப் பாடுவதன் வலிமையும் எல்லையும் இப்பாட்டில் ஒருங்கே உள்ளன.

நம் கடன்

சுரங்கம் மூடப்பட்ட பின் இவ்வூரிலிருந்து மீண்டும் ஒரு புலம்பெயர்வு நிகழ்ந்தது. பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலில் சென்று வருவோரும், குடும்பத்தோடு வேற்றூர் சென்றுவிட்டோரும் பலர். கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் பிள்ளைகளுக்குத் தமிழ் வீட்டு மொழியாக, செவி மொழியாக எஞ்சுகிறது. அவர்களுக்கு இலக்கண நூலை முதலில் நீட்டுதல் பயன் தராது. ஆனால் செவியில் தங்கிய ஓசையை அவர்கள் எளிதில் விட்டுவிட மாட்டார்கள்.

ஆதலின் சங்க விழாக்களில் இப்பாட்டைப் பாடச் செய்வோர் மூன்று செய்திகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருதல் நலம். குறுகிய அடியின் இறுதியில் தொங்கும் தனிச்சொல்லில் மூச்சை நிறுத்துக. அங்கேதான் உழைப்பின் களைப்பு இருக்கிறது. மூன்றாம் சரணத்தின் முடிவில் குரலைத் தாழ்த்துக. அங்கே அழுகை வற்றுகிறது. நான்காம் சரணத்தில் இரக்கக் குரலைக் கைவிட்டு நிமிர்ந்து பாடுக. அங்கே சினம் பிறக்கிறது. இவ்வாறு பாடும் பிள்ளை யாப்பிலக்கணத்தின் பெயர்களை அறியாவிடினும் யாப்பை அறிந்ததாகும். தன் பாட்டனும் பாட்டியும் எம்மூச்சோடு வாழ்ந்தனர் என்பதையும் அறிந்ததாகும்.